பணம் வாங்கியவரே பதில் சொல்ல வேண்டும்

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மகனுக்காக, கொழும்பிலுள்ள இணையக் கடையொன்றில் 6,500 ரூபாய் செலுத்திக் கணினி விளையாட்டு ஒன்றைத் திறக்கும் குறியீட்டை, அதாவது கீயை, வாங்கினேன். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையத் தளமான ஸ்டீமில் பதிந்தபோது, அது ஏற்கெனவே வேறொரு கணக்கில் பயன்படுத்தப்பட்டுவிட்டதாகத் திரை காட்டுகிறது. கடைக்காரரோ, "ஸ்டீமிடம் கேளுங்கள், டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தரமாட்டோம்" என்று வட்ஸ்அப்பில் எழுதுகிறார். ஸ்டீம், தன்னிடம் வாங்காததற்குப் பணம் தர முடியாது என்கிறது. நான் யாரிடம் போவது?
(கல்லடியிலிருந்து ஒரு தாய்)

பதில்: கடையிடமேதான் அம்மா. ஸ்டீம் சொல்வது அதன் விதிப்படி சரி. அதன் கடையிலேயே வாங்கி, 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும். வெளியே வாங்கிய கீகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆனால் உங்கள் பிரச்சினை விளையாட்டு பிடிக்கவில்லை என்பதல்ல, காசு கொடுத்த பொருளே கைக்கு வரவில்லை என்பதுதான். ஐந்தைந்தாக மூன்று தொகுதிகளில் வரும் அந்த 15 எழுத்துகளை முன்பே யாரோ பயன்படுத்திவிட்டிருந்தால், கடை உங்களுக்கு விற்றது வெறும் எழுத்துகளை மட்டுமே. புதிய கீயைத் தருவதோ பணத்தைத் திருப்புவதோ அவர்களுடைய கடமை. வாங்கியவரை இன்னொரு வாசலுக்கு அனுப்பிவிடுவதை வாடிக்கையாளர் சேவை என்று என்னால் ஏற்க முடியாது.

"பணம் திருப்பித் தரமாட்டோம்" என்று எழுதிவைத்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடுவதில்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அவ்வாறான வாசகங்களால் அவுஸ்திரேலிய நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதாக அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டு, 2016இல் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல என்றாலும், நம்மிடமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வர்த்தகர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை அதன் 30ஆம் பிரிவு தடைசெய்கிறது.

முதலில், பிழைச் செய்தி தெரியும் திரையைத் திகதியும் நேரமும் வெட்டுப்படாமல் படம் பிடியுங்கள். வட்ஸ்அப் உரையாடலையும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி இவையும் சான்றாகக் கொள்ளத்தக்கவை. பின்னர் ஒரு வாரத் தவணை குறித்து, மாற்றுக் கீ அல்லது பணம் வேண்டுமென்று கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது பின்னால் நிற்காது.

அதற்கும் பதிலில்லையெனில், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். கொள்வனவு செய்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதால், கடையின் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சை நம்பி நாட்களை விட்டுவிடாதீர்கள். அட்டையால் செலுத்தியிருந்தால், பொருள் கிடைக்கவில்லை என்று உங்கள் வங்கியிலும் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். அதற்கும் காலவரையறை உண்டு.