தொலைந்துபோன நினைவுப் பொருள் ஒன்றுக்காக இன்னமும் வருந்துகிறீர்களா? நண்பர்களோடு விடாமல் காத்துவரும் வழக்கம் ஏதும் உண்டா?

வருந்துகிறேன். 2004 டிசம்பர் 26 காலை, திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் எங்கள் வீட்டுக்குள் கடல் புகுந்தபோது அலுமாரியோடு அள்ளுண்டு போனவற்றில் என் ஓட்டோகிராப் புத்தகமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை, போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாள் வேறு; எல்லாரும் வீட்டில் இருந்தோம், எல்லாரும் தப்பினோம். ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்படி இல்லை. அதனாலேயே நெடுங்காலம் அந்தப் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூசினேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் கொப்பி போனதைச் சொல்லி அழ முடியுமா? ஆனால் நீங்கள் நேரடியாகக் கேட்டதால் சொல்கிறேன்.

பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். சோதனை நெருங்கும்போது வகுப்பில் ஓட்டோகிராப் கைமாறுவது எங்கள் காலத்து வழக்கம். பாதிப் பக்கங்களில் எல்லாரும் எல்லாருக்கும் எழுதும் அதே வரிகள்தான் இருக்கும். என் புத்தகத்தில் திருகோணமலை நகரின் உவர்மலையில் இருந்த தோழியின் அம்மாவும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். கூட்டாளிகள் நாங்கள் நாலு பேர்; மகளைத் தவிர மற்ற மூவரும் அவரை அன்ரி என்போம். “இஞ்ச கொண்டா பிள்ளை, நானும் உங்கட கூட்டாளிதானே” என்று வாங்கி, ஊற்றுப்பேனையால் எழுதினார். புத்திமதி ஒரு வரிகூட இல்லை. தான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தன்னோடு ஒரே வாங்கில் இருந்த சிநேகிதிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொருத்தியும் எப்படிச் சிரிப்பாள் என்று எழுதியிருந்தார். அன்ரி இப்போது இல்லை. அந்தப் பெயர்கள் அவருடைய மகளுக்கும் தெரியாது. எனக்கு வலிப்பது அதுதான்.

திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஒரு கதை தெரியும். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது ஒளித்துப் புதைக்கப்பட்ட சிலைகள், 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. மூன்று நூற்றாண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த சாமிகள்! கடல் வற்றிய பிறகு மணலைக் கிளறிக்கொண்டு திரிந்த நாட்களில் அந்தக் கதை என் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் அவை உலோகம். ஊற்றுப்பேனை மை உப்புத் தண்ணீரில் நிற்காது. புத்தகம் கிடைத்திருந்தாலும் வெறும் தாள்தான் கிடைத்திருக்கும். அது தெரிந்தும் தேடினேன்.

இனி வழக்கம். சித்திரைப் புத்தாண்டன்று மருத்துநீர் வைத்து முழுகி, கோணேசர் கோயிலுக்குப் போவோம். கோட்டைக்குள் மான்கள் நிற்கும் வழியால் கதைத்துக்கொண்டு நடந்து ஏறுவது அப்போதும் இப்போதும் அந்த நாளின் பெரிய சந்தோசம். பிறகு உவர்மலை வீட்டில் கைவிசேஷம். பஞ்சாங்கத்தில் குறித்த நேரம் வந்ததும் அன்ரி கிழக்குப் பார்த்து நின்று, வெற்றிலையில் கொஞ்சம் நெல்லும் ஒரு குத்திக் காசும் வைத்துத் தன் மகளுக்கு எப்படிக் கொடுப்பாரோ அப்படியே எங்களுக்கும் கொடுப்பார். கிண்ணியாத் தோழி முஸ்லிம். அவளுக்கும் அதே வெற்றிலை, அதே காசு. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் அவள் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்து வரவேண்டும். அவள் வந்து சேரும்வரை நேரம் தாண்டினாலும் அன்ரி காத்திருப்பார். “சுபநேரம் பிள்ளையள் வாற நேரம்தான்” என்பார். பஞ்சாங்கத்தை அவ்வளவு நம்பிய ஒரு மனுசி அப்படிச் சொன்னதை நான் சாதாரணமாக எடுக்கவில்லை.

அன்ரி போன அடுத்த வருடம் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோயிலால் வந்து விறாந்தையில் பேசாமல் இருந்தோம். கடைசியில் மகள் உள்ளே போய் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். வயதில் எங்களில் அவள்தான் இளையவள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கொடுப்பதே முறை. அன்றைக்கு முறையை ஒருவரும் பார்க்கவில்லை. அழுதுகொண்டே கை நீட்டினோம். இன்றுவரை அவள்தான் கொடுக்கிறாள். கனடாவில் இருக்கும் நாலாவது தோழியின் காசைத் தனியே ஒரு பேணியில் போட்டு வைக்கிறாள். 2020இல் நாடு முழுக்க ஊரடங்கு; காசை உறைகளில் போட்டு வைத்து, வழி திறந்த பிறகு தந்தாள். 2021 தொடக்கம் மூன்று புத்தாண்டுகள் நோன்புக்குள் வந்தன. காலையில் கைவிசேஷம் மட்டும்; சாப்பாட்டைப் பின்னேரத்துக்குத் தள்ளி, கிண்ணியாக்காரி நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து தொடங்கினோம். நேரத்தை மாற்றினோமே தவிர ஒரு வருடமும் விடவில்லை.

இந்த வழக்கம் புத்தகத்தின் இடத்தை நிரப்பிவிட்டதா என்று கேட்டால், இல்லை. இரண்டும் வேறு. ஒருமுறை நான் புதிதாக ஒரு ஓட்டோகிராப் வாங்கி மூன்று பேரிடமும் திரும்ப எழுதச் சொன்னேன். கிண்ணியாத் தோழி மறுத்துவிட்டாள். “அண்டைக்கு எழுதினவள் பதினாறு வயசுப் பெட்டை. நான் இப்ப எழுதினா அது வேற ஆள் எழுதினதுதானே” என்றாள். அவள் சொன்னது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். “பொருள்தானே, இன்னொன்று வாங்கலாம்” என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. உங்களிடமும் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மனதில் எடுக்காதீர்கள். நீங்கள் வருந்துவதில் பிழை எதுவும் இல்லை.

உவர்மலை மேட்டில் இருப்பதால் அந்தத் தோழியின் ஓட்டோகிராப் தப்பியது. அதில் நான் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். என் பதினாறு வயதுக் கையெழுத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் எனக்கு எழுதியது இல்லை, நான் மற்றவளுக்கு எழுதியது மட்டும் இருக்கிறது. அதுவும் எனக்குப் பெரிய விசயம்.

உங்களுக்கும் ஏதாவது தொலைந்திருந்தால் முதலில் கூட்டாளிகளின் அலுமாரியைக் கேளுங்கள். நீங்கள் எழுதிய கடிதம் அவர்களிடம் இருக்கும், நீங்கள் நிற்கும் படம் அவர்கள் அல்பத்தில் இருக்கும். நனைந்து ஒட்டிப்போன படங்கள் கிடைத்தால் காயவைத்துப் பிய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு மெல்லப் பிரித்து, முகம் மேலே இருக்க நிழலில் காயவிடுங்கள். வயதானவர்கள் கைப்பட எழுதியது எதுவாக இருந்தாலும், சமையல் குறிப்பாக இருந்தாலும்கூட, இந்தக் கிழமையே படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.