கிராம ஊராட்சிக் கணக்குத் தணிக்கை: கேள்வி பதில்

கேள்வி (புதிதாகப் பணியில் சேர்ந்த ஊராட்சிச் செயலர்): எங்கள் கணக்கைத் தணிக்கை செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு?

பதில்: ஊராட்சிக் கணக்குகளின் தணிக்கை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை மாநிலச் சட்டமே வகுக்கலாம் என்று அரசமைப்பின் 243ஜே பிரிவு கூறுகிறது, தமிழ்நாட்டில் அதற்கு அடிப்படை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். கிராம ஊராட்சிக் கணக்கைத் துணை வட்டார வளர்ச்சி அலுவலர் தணிக்கை செய்வதும், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றைச் சோதனைத் தணிக்கை செய்வதும் நெடுநாள் நடைமுறை. இருவர் கேட்டாலும் காட்ட வேண்டிய பதிவேடுகள் ஒன்றே.

கேள்வி (அதே செயலர்): பணம் முறையாகச் செலவான இடத்திலும் தணிக்கைத் தடை (கணக்கில் குறை கண்டு எழுப்பும் ஆட்சேபம்) எழுதுகிறார்களே, ஏன்?

பதில்: தணிக்கையாளர் செலவை நேரில் பார்த்தவர் அல்லர், அவர் முன் இருப்பவை தாள்கள் மட்டுமே. தெருவிளக்குப் பல்பு வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். மன்றத் தீர்மானம், விலைப்புள்ளி, கடைக்காரரின் பட்டியல், காசோலை எண்ணுடன் கூடிய செலவுச்சீட்டு ஆகிய அனைத்தும் இருந்தும், இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்காமலும் எந்தத் தெருவில் எந்தக் கம்பத்துக்குப் போனது என்று எழுதாமலும் விட்டிருந்தால், வாங்கிய பொருள் ஊருக்கு வந்து சேர்ந்ததற்குச் சான்றே இல்லை. கட்டுமானப் பணியில் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவீட்டுப் புத்தகம் ஆகியவற்றின் தேதிகள் முன்பின்னாக இருப்பதும், ரொக்கப் புத்தக இருப்பு வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகாததும், வீட்டுவரிக்கான கேட்பு (செலுத்த வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பதிவேடு பாதியில் நிற்பதும் தடைக்கு வழக்கமான காரணங்கள். மாத முடிவில் வங்கி இருப்பைச் சரிபார்த்து வித்தியாசத்துக்கான காரணத்தை அன்றே எழுதிவிடுங்கள்; ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதும் பதிவேடு, நேர்மையானவரையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும் என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

கேள்வி (முன்னாள் தலைவர்): பதவிக்காலம் முடிந்துவிட்டது, இனி வரும் தணிக்கைத் தடைக்கும் நான் பொறுப்பா?

பதில்: தங்கள் காலத்துச் செலவுக்குத் தாங்களும், காசோலையில் சேர்ந்து கையொப்பமிட்ட துணைத் தலைவரும் விளக்கம் தரவேண்டியிருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர் நிர்வகித்தாலும் அது மாறிவிடாது. பதிவேடுகளை ஒப்படைத்த பட்டியலின் நகல் தங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி (வார்டு உறுப்பினராக இருந்தவர்): தணிக்கை தாமதமானால் மானியம் நின்றுவிடுமா?

பதில்: ஆம். உள்ளாட்சிகளுக்கான ஒன்றிய அரசின் மானியத்தை 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த 15ஆவது நிதிக்குழு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் (தணிக்கைக்கு முந்தையது) அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் மாநிலத்தின் 25 விழுக்காடு உள்ளாட்சிகள் நிறைவேற்றினாலே போதும் என்றிருந்த சலுகை, 2023-24 முதல் இல்லை. அம்மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டதால், கணக்கு முடங்கினால் முதலில் பாதிக்கப்படுவது ஊரின் தண்ணீர்க் குழாய்தான்.

கேள்வி (இல்லத்தரசி): நான் எந்தப் பொறுப்பிலும் இல்லை. தணிக்கை அறிக்கையைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், அம்மா. தணிக்கை அறிக்கையை ஒப்புதலுக்காகக் கிராம சபையில் வைக்கவேண்டும். அதை முழுமையாக வாசிக்கும்படி கேட்டு, தங்கள் கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன், எந்த ஆண்டின் அறிக்கை என்பதைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அறிக்கையோடு, தடைகளுக்கு ஊராட்சி அனுப்பிய பதிலின் நகலையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.