பேருந்து நின்ற தடத்தில் வேன்
வாசகர் கேள்வி – பதில்

நகரப் பேருந்து நிறுத்தப்பட்ட தடங்களில் தனியார் வேன்கள் ஓடுவதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தடத்துப் பேருந்தை நஷ்டம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். இப்போது பன்னிரண்டு பேர் அமரும் வேன்கள் ஓடுகின்றன. காலையில் நிறுத்தத்துக்கு வந்த ஐந்து நிமிடத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. பேருந்துக்காக நான் இருபது நிமிடம்கூட நின்றதுண்டு. உண்மையில் எங்களுக்கு என்ன இழப்பு?

பதில்: காலை எட்டரை மணிக்கு உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. அதை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. ஆனால் அதே தடத்தில் பிற்பகல் இரண்டரை மணிக்கு நிற்பவரின் நிலையைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

வேன் நிறைந்த பிறகே புறப்படும். புறப்படும் இடத்துக்கு நிமிடத்துக்கு ஒருவர் வந்தால், முதலில் ஏறியவர் பன்னிரண்டாமவருக்காகப் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருப்பார். மூன்று நிமிடத்துக்கு ஒருவர் வந்தால், அதே முதல் ஆள் முப்பத்து மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் சராசரி எடுத்தால் பதினாறரை நிமிடம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரும் பேருந்துக்குச் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம்தான். இது புறப்படும் இடத்துக் கணக்கு. தடத்தின் நடுவில் நிற்பவருக்கோ வேன் நிறைந்தே வருகிறது. கை காட்டினாலும் நிற்பதில்லை. அவருடைய காத்திருப்பை எந்தச் சராசரியிலும் அடக்க முடியாது.

பேருந்து காலியாக இருந்தாலும் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். அந்தக் காலி இருக்கைகளைத்தான் நிர்வாகம் நஷ்டம் என்று எழுதுகிறது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு அவைதான் உத்தரவாதம். காலை, மாலை நேரத்துக் கூட்டத்தின் வசூல், மத்தியானத்து டிரிப்பையும் இரவின் கடைசி டிரிப்பையும் தாங்கிக்கொண்டிருந்தது. வேன் வந்து அந்த வசூலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஓட்டுநரைக் குறை சொல்வதற்கில்லை. வண்டித் தவணையும் டீசலும் அவர் தலையில் இருக்கும்போது நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அவர் எப்படிக் கிளம்புவார்?

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் இதன் முழு வடிவத்தைப் பார்க்கலாம். அங்கு 1991-இல் அரசு தடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் பயணிகளை ஏற்றலாம் என்றாக்கியது. வண்டிகள் பெருகின, காத்திருப்பு குறைந்தது. கூடவே நெரிசலும், ஒரே பயணிக்காக இரண்டு வண்டிகள் முந்திக்கொண்டு பாய்வதும் வந்து சேர்ந்தன. கொலம்பியாவின் பொகோட்டாவில் இந்தப் பாய்ச்சலுக்கு ‘சில்லறைக் காசுப் போர்’ என்றே பெயர். தலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநருக்கு முன்னால் போகும் வண்டி போட்டியாளன். நிறுத்தத்தில் நிற்பவர் சில்லறைக் காசு.

கேள்வி: வேன்களை விரட்டுவதற்குப் பதிலாக, நிறுத்திய தடங்களை நகர நிர்வாகமே முறைப்படி அவர்களிடம் ஒப்படைக்கலாமே? இதை எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

பதில்: நியூயார்க்கில் செய்து பார்த்தார்கள். அந்தத் தோல்வியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்நகரில் 1980 ஏப்ரலில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் பதினொரு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, சொந்தக் கார்களிலும் வேன்களிலும் ஆட்களை ஏற்றுவது பரவியது. ‘டாலர் வேன்’ என்று பெயர் பெற்ற அவை வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. புரூக்ளினின் பிளாட்புஷ் சாலையிலும், குவீன்ஸின் ஜமைக்கா பகுதியிலும், கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களிடையே வேரூன்றின. 2010 ஜூனில் நிதி நெருக்கடியால் நகரப் போக்குவரத்து ஆணையம் பல பேருந்துத் தடங்களை நிறுத்தியபோது, அவற்றில் சிலவற்றில் வேன் விடலாம் என்று டாக்சிகளுக்கு உரிமம் வழங்கும் நகர அமைப்பு முடிவெடுத்தது. புரூக்ளினிலும் குவீன்ஸிலுமாக ஐந்து தடங்கள். கட்டணம் 2 டாலர். அப்போது பேருந்துக் கட்டணம் 2.25 டாலர். காகிதத்தில் வேன்தான் மலிவு.

ஆனால் பேருந்தின் பயண அட்டை வேனில் செல்லாது. ஏற்கெனவே மாதப் பாஸுக்குப் பணம் கட்டியிருந்தவருக்கு அந்த 2 டாலர் முழுக்கக் கூடுதல் செலவு. வேனில் இறங்கி ரயிலில் ஏறுபவருக்கு, பேருந்தில் கிடைத்த இலவச மாற்றுப் பயணமும் இல்லை. பயணிகள் வரவில்லை, ஓட்டுநர்கள் விலகினார்கள், திட்டம் நீடிக்கவில்லை.

அட்டைச் சிக்கலைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. டாலர் வேன்கள் செழித்த பிளாட்புஷ் சாலையில் பேருந்து நிறுத்தப்படவே இல்லை. அங்கே பேருந்தும் நிறைந்து ஓடியது, வேனும் நிறைந்து ஓடியது. நிறுத்தப்பட்டவையோ ஆள் குறைவு என்று கழிக்கப்பட்ட தடங்கள். பேருந்துக்குக் கட்டுப்படியாகாத தடம், மானியம் ஏதுமின்றிப் பயணிகளின் காசை மட்டும் நம்பி ஓடும் வேனுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகும்? உங்கள் ஊரில் நிறுத்தப்பட்ட தடத்தில் வேன்கள் நிறைந்து ஓடுகின்றன என்றால், அந்தத் தடம் நஷ்டம் என்று காட்டிய கணக்கைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது எழுபத்தாறு. பேருந்தில் முதியோர் சலுகை இருந்தது. வேனில் முழுக் கட்டணம். அதோடு கடைசி வரிசைக்குக் குனிந்து போக வேண்டியிருக்கிறது. சலுகையைக் கேட்டுப் பெற வழியுண்டா?

பதில்: ஓட்டுநரிடம் கேட்டுப் பயனில்லை. சலுகைக்கான தொகையைப் பேருந்து நிர்வாகத்துக்கு அரசு ஈடுசெய்கிறது. வேன்காரருக்கு யாரும் ஈடுசெய்வதில்லை. ரஷ்ய நகரங்களில் மர்ஷ்ருத்கா என்னும் சிறு வேன்கள் 1990-களில் பெருகியபோது இதே நிலைதான் ஏற்பட்டது. அந்த வண்டியில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு: கடைசி வரிசைக்காரர் கொடுக்கும் காசு தோள் தோளாகக் கைமாறி ஓட்டுநரிடம் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும், ஓட்டுநர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எண்ணுவார். அந்நியர்களிடையே அத்தனை நாணயம் இருந்தது. ஆயினும் நகராட்சிப் பேருந்தில் இலவசமாகப் போன ஓய்வூதியர், மர்ஷ்ருத்காவில் காசு கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. மாஸ்கோவில் 2016-இல் இந்த வேன்களை அகற்றி, நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்த தனியார் பேருந்துகளை விட்ட பிறகுதான் ஒரே பயண அட்டையும் முதியோர் சலுகையும் அந்தத் தடங்களுக்கு வந்தன.

குனிந்து ஏறும் சிரமத்துக்கும், சக்கர நாற்காலியோடு ஏறவே முடியாத நிலைக்கும் வண்டி மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: விபத்து நேர்ந்தால் வேன் பயணிக்குக் காப்பீடு கிடைக்குமா?

பதில்: அந்த வண்டி எந்தப் பயன்பாட்டுக்குப் பதிவாகி, எதற்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சொந்த உபயோகம் என்று பதிவான வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டிக் கை விரிக்கலாம். மொத்தமாக வாடகைக்குப் போக அனுமதி பெற்ற வண்டி, வழி நெடுக ஆங்காங்கே ஆளை ஏற்றி இறக்கினாலும் இதே தகராறு எழக்கூடும். பர்மிட் விவரம் வண்டியில் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் முக்காலி போட்டு ஆள் ஏற்றுகிறார் என்றால், அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுத உட்கார்ந்தால் சண்டை வந்துவிடுகிறது. ‘வேனைத் தடை செய்’ என்று பாதிப் பேர், ‘வேனை விட்டுவிடு’ என்று பாதிப் பேர். என்னதான் எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதாதீர்கள். தடை செய்தால் பேருந்து திரும்பி வந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. உள்ள வண்டியும் போய்விடும். அப்படியே விட்டால் பிற்பகல் இரண்டரை மணிப் பயணி நடுத்தடத்தில் நின்றுகொண்டே இருப்பார்.

நீங்கள் கேட்க வேண்டியது கூலி கொடுக்கும் முறையில் மாற்றம். லண்டனில் நகரப் பேருந்துகளை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள்தாம்; ஆனால் தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் நிர்ணயிப்பது நகரப் போக்குவரத்து அமைப்பு. டிக்கெட் காசு அந்த அமைப்புக்குப் போகிறது. நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி ஓட்டியதற்குக் கூலி கிடைக்கிறது. மாஸ்கோவின் ஒப்பந்தமும் ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி என்ற அடிப்படையில் அமைந்ததே. தலைக்கணக்குப் போய் டிரிப் கணக்கு வந்தால், நான்கு பேரோடு நேரத்துக்குக் கிளம்பினாலும் ஓட்டுநருக்கு நஷ்டமில்லை. முந்திப் பாய வேண்டிய அவசியமும் இல்லை. வண்டி பேருந்தா வேனா என்ற சச்சரவே அப்போது பின்னுக்குப் போய்விடும். ஆள் குறைந்த தடத்துக்குப் பன்னிரண்டு இருக்கை வண்டியே போதும் என்றால் அதுவே ஓடட்டும். இதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பதையும் மனுவில் மழுப்பாமல் எழுதுங்கள்; இலவசமாகக் கிடைக்கும் என்று நம்பியதால்தான் பல ஊர்களில் இந்தச் சிக்கலே தொடங்கியது.

மனுவோடு ஒரு தாளை இணையுங்கள். இரண்டு வாரம், தடத்தின் நடுவிலுள்ள ஒரு நிறுத்தத்தில் ஆள் மாற்றி உட்கார்ந்து, எத்தனை வேன் நிற்காமல் போயிற்று, எத்தனை பேர் எவ்வளவு நேரம் நின்றார்கள், இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்குப் போயிற்று என்று தேதியிட்டுக் குறியுங்கள். காலைக் கூட்ட நேரத்தை விட்டுவிடலாம். பிற்பகலையும் இரவு ஒன்பது மணிக்குப் பிந்தைய நேரத்தையும் விட்டுவிடாதீர்கள்.