ரெய்டு 1 சர்வரில் ஸ்வாப்பை மிரருக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா?

இரண்டு வட்டுகளை மென்பொருள் ரெய்டு 1 ஆக, அதாவது இரண்டிலும் ஒரே தரவு இருக்கும் மிரராக, இணைத்த லினக்ஸ் சர்வரில், ஸ்வாப்பையும் (ராமில் இடம் போதாதபோது அதன் உள்ளடக்கத்தை வைக்கும் வட்டுப் பகுதி) அந்த மிரருக்குள் வைப்பதா, வேகத்துக்காக வட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே வைப்பதா, எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மிரருக்குள்ளேயே வையுங்கள்.

தனித்தனியே வைக்கச் சொல்பவர்கள் கூறும் காரணம் பொய்யன்று. இரு பகுதிகளுக்கும் ஒரே முன்னுரிமை எண்ணைக் கொடுத்தால், லினக்ஸின் மையமான கர்னல், நினைவகப் பக்கங்களை (ராமின் சிறு துண்டுகளை) இரண்டிலும் மாறி மாறி எழுதும். தரவை நகலெடுக்காமல் வட்டுகளுக்கிடையே பிரித்து எழுதும் ரெய்டு 0 போன்ற வேகம் தானே கிடைக்கும். அதை நம்பித்தான் பெங்களூரில் ஒரு சிறு நிறுவனத்தின் சர்வரை நானும் அப்படி அமைத்தேன். ஓர் இரவு ஒரு வட்டு செத்தது. கோப்புகளில் ஒரு பைட்டும் போகவில்லை, ஆனால் தரவுத்தளம் விழுந்து கிடந்தது. அதன் நினைவகப் பக்கங்களில் ஒரு பங்கு செத்த வட்டின் ஸ்வாப்பில் இருந்ததால், அவற்றைத் திரும்பப் படிக்க இயலாத கர்னல் சிக்பஸ் என்ற நினைவகப் பிழைச் சமிக்ஞையை அனுப்பி அந்த நிரலையே முடித்துவிட்டது. வட்டு போனாலும் சர்வர் ஓட வேண்டும் என்பதற்காகத்தானே இரண்டாவது வட்டுக்குக் காசு கொடுக்கிறோம்? அதிகாலையில் பிடிஎம் லேஅவுட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓடியபோது நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பை வெறிச்சோடிய நிலையில் பார்த்தேன். அன்றைக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

மிரரில் ஒவ்வொரு பக்கமும் இருமுறை எழுதப்படுவது உண்மைதான். அந்த வேகக் குறைவு உங்களை உறுத்தும் அளவுக்கு ஸ்வாப் ஓயாமல் இயங்குகிறது என்றால், அதாவது விஎம்ஸ்டாட் கட்டளை காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து படித்தது, ஸ்வாப்புக்கு எழுதியது) நெடுவரிசைகளில் எண்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தால், வாங்க வேண்டியது ராம்.

அளவைப் பொறுத்தவரை, ராமைப் போல் இருமடங்கு என்ற பழைய கணக்கை மறந்துவிடலாம். ராமின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதி அணைக்கும் ஹைபர்னேட்டுக்குத்தான் பெரிய ஸ்வாப் தேவை; சர்வரை யாரும் அப்படிச் செய்வதில்லை. 64 ஜிபி ராம் உள்ள சர்வருக்கு நான் 4 முதல் 8 ஜிபி வரைதான் ஒதுக்குகிறேன். அதிகமாகக் கொடுத்தால், நினைவகத்தை ஒழுகவிடும் ஒரு நிரல் அத்தனை ஸ்வாப்பையும் நிரப்பி முடிக்கும் வரை நினைவகம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லர் தலையிடாது. அதுவரை எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே நுழையக்கூட முடியாமல் காத்திருக்க நேரும். அறவே இல்லாமல் விடுவதும் சரியன்று, ஏனெனில் பல நாட்களாகத் தொடப்படாத பக்கங்களும் ராமிலேயே தங்கி, கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்கான இடத்தைத் தின்னும்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் ரெய்டு 1 மீது ஸ்வாப் கோப்பை வைக்க முடியாது. லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டியில் தனியாக ஒரு மிரரை உருவாக்கிக்கொள்ளுங்கள். மேலும், மிரரைச் சரிபார்க்கும்போது ஸ்வாப் உள்ள அணிவரிசையில் (இணைத்த வட்டுகளின் தொகுப்பில்) பொருந்தாப் பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியமாக இல்லாவிட்டால் பதற வேண்டாம். இரு வட்டுகளுக்கும் எழுதிக்கொண்டிருக்கும்போதே நினைவகப் பக்கம் மாறிவிடுவதும், அந்தப் பக்கம் பிறகு தேவைப்படாமல் போவதும் ஸ்வாப்பில் இயல்பு. அதே எண் தரவு வைத்திருக்கும் அணிவரிசையில் தோன்றினால் மட்டும் வட்டு, கேபிள், ராம் மூன்றையும் சோதியுங்கள்.

சர்வரை ஒப்படைக்கும் முன், ஸ்வாப் நன்றாகப் பயன்படும் அளவுக்குச் சுமையை ஏற்றிவிட்டு, எம்டி ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையால் ஒரு வட்டைப் பழுதானதாக அறிவித்துப் பாருங்கள். நான் அந்தச் சோதனையைப் பகலில் செய்திருக்க வேண்டும்.