எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டினால்?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, "அதைத் தின்னக் கடலிலேயே பாக்டீரியா இருக்கு, தானா சரியாயிடும்" என்று நண்பர் சாதிக்கிறார். அப்படியானால் ஏன் அள்ள வேண்டும்? நுண்ணுயிர்ப் பொடி தூவினால் போதாதா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. ஆல்கனிவோராக்ஸ் என்று ஒரு பாக்டீரியா, எண்ணெய்தான் அதன் சாப்பாடே. சுத்தமான கடலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், எண்ணெய் வந்துவிட்டால் கிடுகிடுவெனப் பெருகிவிடும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து 87 நாள் கொட்டியபோது, ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்கரை மணலில் இதுதான் நடந்தது: இந்தக் கூட்டம் பெருக, மற்ற பல வகைகள் ஒடுங்கின. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் உயிர்களும் அதில் அடக்கம், எண்ணெய் அவற்றுக்கு ஆகாது. ஆனாலும் சுமார் ஓராண்டில் எண்ணெய் தீர்ந்து, வழக்கமான கடற்கரை மணலுக்குரிய நுண்ணுயிர்க் கூட்டம் திரும்பிவிட்டது.

அது மணல், அலை அடிக்க அடிக்க உள்ளே காற்று போகும்; எண்ணெயைத் தின்ன இந்த பாக்டீரியாவுக்கு அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். முகத்துவாரச் சேறு அப்படியா? மேலே சில மில்லிமீட்டர் தாண்டினாலே ஆக்சிஜன் இல்லை. நண்டும் புழுவும் போடும் வளை வழியாகத்தான் கொஞ்சம் இறங்கும், எண்ணெய் அவற்றையே கொன்றுவிட்டால் அந்த வழியும் அடைபட்டது என்று வையுங்கள். அப்புறம் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டை வைத்து மூச்சு விடும் பாக்டீரியாதான் மிச்சம். அவையும் எண்ணெயைச் சிதைக்கும், ஆனால் ஆமை வேகம். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு இவை விடுவதுதான்.

பொடிக்கு வருவோம். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் கொட்டியபோது, கரையில் முக்கியமாகத் தெளித்தது உரம், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரசும். எண்ணெயில் கார்பன் ஏராளம், ஆனால் இவை இரண்டும் இல்லாமல் பாக்டீரியாவால் பெருக முடியாது. பாக்டீரியாவோ அங்கேயே இருந்தது (பொடி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்!). மேற்பரப்பில் உரம் பலன் தந்தது, ஆனால் கூழாங்கல்லுக்கு அடியில், காற்று எட்டாத இடத்தில் மாட்டிய எண்ணெய் 20 ஆண்டு கழித்தும் பிசுபிசுவென்று இருந்தது.

அதனால், சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்னால் அள்ளிவிட வேண்டும். இறங்கியபின் உரமும் பொடியும் போட்டுப் பெரிய பயன் இல்லை, உள்ளே குறைவது காற்று.