வைகாசியில் போட்ட சினை ஊசி: மாடு எந்தத் தேதியில் கன்று போடும்?

கேள்வி: வாழப்பாடி பக்கம் எங்கள் ஊர். ஜெர்சி கலப்பின மாடு, இது இரண்டாவது சினை. வைகாசி 17, அதாவது 2025 மே 31 அன்று சினை ஊசி போட்டோம். மூன்று மாதம் கழித்து டாக்டர் கைவிட்டுப் பார்த்து சினைதான் என்றார். இப்போதும் இரண்டு வேளையும் கறக்கிறோம். தை மாதமே கன்று போட்டுவிடும், கார்த்திகை பிறந்ததும் பாலை நிறுத்து என்கிறார் மாமியார். பால்காரர் பங்குனிதான் என்கிறார். நான் காலண்டரை வைத்து ஒன்பது மாதம் எண்ணினால் பிப்ரவரி 31-இல் போய் நிற்கிறது. எந்தக் கணக்கு சரி? பாலை எப்போது நிறுத்துவது?

பதில்: அம்மா, உங்கள் மாடு 2026 மார்ச் 7-ஐ ஒட்டிக் கன்று போடும். தமிழ் மாதத்தில் மாசி 20-ஐத் தாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலை நிறுத்த வேண்டிய நாள் ஜனவரி 6, பொங்கலுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று முன்னால். இந்த இரண்டு தேதியையும் முதலில் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். கணக்கை அப்புறம் பார்ப்போம்.

மாமியார் சொன்னதில் தப்பு வந்த இடம் ஒன்றுதான். ஊசி போட்ட வைகாசியையே ஒன்று என்று எண்ணியிருக்கிறார். வைகாசி ஒன்று, ஆனி இரண்டு என்று விரல் மடக்கிக்கொண்டு போனால் ஒன்பதாவது விரல் தையில்தான் மடங்கும். ஆனால் வைகாசி 17-இல் தொடங்கிய முதல் மாதம் ஆனி 17-இல்தான் நிறைகிறது. ஆகவே முதல் விரலை ஆனிக்குத்தான் மடக்க வேண்டும். அப்படி எண்ணினால் ஒன்பது மாதம் மாசி 17-இல் நிறையும். சேலம் மாவட்டத்துப் பட்டிகளில் நான் அதிகம் பார்த்த தவறு இது. மாட்டுக்கு ஒரு மாதம் பிசகினால் ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். ஆட்டுக்குச் சினைக்காலமே 5 மாதம், ஏறக்குறைய 150 நாள்தான். அதில் ஒரு மாதம் பிசகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சேலம் கருப்பு ஆடு, மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பால்காரர் பத்து மாதம் என்ற பொதுப்பேச்சை மாட்டுக்கும் வைத்துவிட்டார் போலிருக்கிறது. பத்து மாதத்துக்கும் மேல் சுமப்பது எருமை. அதற்கு ஏறக்குறைய 310 நாள். பசுவுக்குச் சராசரி 280 நாள். ஜெர்சி கலப்பினம் அதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே போட்டுவிடுவதும் உண்டு. நாட்டு மாடு சில நாள் கூடுதலாகச் சுமக்கும்.

இனி உங்கள் பிப்ரவரி 31. அது உங்கள் தவறே இல்லை. மாதம் எல்லாம் ஒரே நீளமாக இல்லாததால் வருகிற சிக்கல். ஒன்பது மாதம் என்பது எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து 273 நாளாகவும் வரும், 276 நாளாகவும் வரும். தமிழ் மாதத்திலும் இதே கதைதான். மார்கழி பெரும்பாலும் 29 நாளில் முடிந்துவிடும், ஆனி 32 நாள் வரை போகும். அதனால் தேதி 29, 30, 31 என்று மாதக் கடைசியில் விழுந்தால் மாதத்தை விட்டுவிட்டு நாளை எண்ணுங்கள். மே 31-இலிருந்து ஜூன் 30 வரை 30 நாள், ஜூலை கடைசி வரை 61, ஆகஸ்டு 92, செப்டம்பர் 122, அக்டோபர் 153, நவம்பர் 183, டிசம்பர் 214, ஜனவரி 245, பிப்ரவரி 28 வரை 273. மிச்சம் 7 நாள். அதுதான் மார்ச் 7. எந்த மாதத்துக்கு 31 நாள் என்று சந்தேகம் வந்தால் கைவிரல் முட்டியை எண்ணுங்கள். முட்டியில் விழுகிற மாதம் 31, பள்ளத்தில் விழுவது குறைவு.

தேதி மாத நடுவில் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். மூன்று மாதம் பின்னால் போய் 7 நாள் கூட்டினால் போதும். ஆகஸ்டு 12-இல் ஊசி என்றால் மூன்று மாதம் பின்னால் மே 12, ஏழு கூட்டினால் அடுத்த வருடம் மே 19. மூன்று நாளுக்கு மேல் தப்பாது.

பாலை நிறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை இதில்தான். கன்று போடுவதற்கு 60 நாள் முன்னால் கறவையை நிறுத்த வேண்டும். மாமியார் கணக்கில் போனால் கார்த்திகை பிறந்ததுமே நிறுத்திவிட்டு ஏறக்குறைய 50 நாள் பாலை வீணாக இழப்பீர்கள். அது பண நஷ்டம், அவ்வளவுதான். பால்காரர் கணக்கில் போனால் ஜனவரி கடைசி வரை கறப்பீர்கள். மாட்டுக்கு ஓய்வு 36 நாள்தான் கிடைக்கும். வயிற்றுக் கன்று வேகமாக எடை போடுவதும், மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். ஓய்வு குறைந்தால் சீம்பாலும் மட்டம், அடுத்த ஈத்துப் பாலும் குறையும். பொங்கலுக்குப் பால் நல்ல விலை போகிறதே என்று பத்து நாள் தள்ளிப்போடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

டிசம்பர் கடைசி வாரமே தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைக் குறையுங்கள். பால் தானாக இறங்கும். கடைசிக் கறவையில் சொட்டு விடாமல் கறந்துவிட்டு, மடிக்குள் செலுத்தும் மருந்தை டாக்டரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். மடிநோய் வராமல் காக்கும். மடி வற்றிய பிறகு ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ அடர்தீவனம் கூட்டிக் கொடுக்கலாம். உங்கள் பக்கம் மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, மலிவாகக் கிடைக்கும், அதையே வயிறு நிறைய வைத்துவிடாதீர்கள். அதில் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. பிண்ணாக்கும் பசுந்தீவனமும் கூடவே இருக்க வேண்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மே 31-க்குப் பிறகு மாடு மறுபடி பருவத்துக்கு வந்து இன்னொரு ஊசி போட்டீர்களா? போட்டிருந்தால் கடைசி ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும். 21 நாள் கழித்து, ஜூன் 21-இல் போட்டிருந்தால் கன்று மார்ச் 28-ஐ ஒட்டி வரும். பால் நிறுத்துவதையும் 21 நாள் தள்ளுங்கள். டாக்டரிடம் சினை எத்தனை மாதம் என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்வது நல்லது.

ஒரே ஊசிதான் என்றால் பிப்ரவரி 25-இலிருந்தே மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் கண்ணெதிரில் கட்டுங்கள். அன்றைக்கு 270 நாள் ஆகிறது. வால் அடியில் இரண்டு பக்கமும் தசை தளர்ந்து குழி விழும், மடி இறுகிக் காம்பு விறைக்கும். மார்ச் 17 தாண்டியும் அறிகுறி இல்லையென்றால் காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள். ராத்திரி நேரத்தில் கன்று வெளியே வராமல் மாடு முக்கிக்கொண்டே இருந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அதையும் காலண்டரில் அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.