டாப் கியரில் திணறும் டீசல் கார்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2016 மாடல், 1.3 லிட்டர் டீசல் கார். வியாபார வேலையாக வாரம் நான்கு நாள் மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போய் வருகிறேன். வேகம் 40-ஐத் தொட்டதும் டாப் கியர் போட்டுவிடுவேன். பாலத்தில் இறங்கும்போது நியூட்ரல். இவ்வளவு சிக்கனமாக ஓட்டியும் லிட்டருக்கு 17-ஐத் தாண்டவில்லை. ஓவர்டேக் பண்ணப் போனால் வண்டி திணறுகிறது. வாங்கும்போது 26 என்றார்கள். இன்ஜினில் கோளாறா?

பதில்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் உங்கள் இடது கையைப் பார்ப்போம். 26 என்பது ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை ஓடவிட்டு எடுத்த கணக்கு. அங்கே நீடாமங்கலம் ரயில்வே கேட் கிடையாது, ரோட்டில் நெல் காயாது. அதை மறந்துவிடுங்கள். ஆனால் 17 குறைவுதான்.

டாப் கியரில் 40 போகும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரைப் பாருங்கள். முள் ஆயிரத்தை ஒட்டித்தான் நிற்கும். உங்கள் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ முழு மூச்சாக வேலை செய்வது ஏறத்தாழ 1,800-லிருந்து 2,000-க்குள். அதற்குக் கீழே போதுமான காற்று உள்ளே வராது. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் டீசல் போகும், வண்டி போகாது. எரியாத மிச்சம் கரியாகி, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் படியும், கிளட்ச், இன்ஜின் மவுண்ட் எல்லாம் அதிர்ச்சி வாங்கும். ‘திணறுது’ என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

அதற்காக முள்ளை எப்போதும் 2,000-லேயே வைத்திருக்கவும் வேண்டாம். சமதளத்தில் ஒரே சீராக உருளும்போது 1,500 போதும். வேகம் கூட்டவேண்டிய இடத்தில்தான் ஒரு கியர், தேவைப்பட்டால் இரண்டு கியர் இறக்கவேண்டும். வலங்கைமான் பக்கம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போகிறது என்று வையுங்கள். மூன்றாவதுக்கு இறக்கி, முள் 2,000-ஐத் தாண்டியதும் தயங்காமல் அமுக்கிக் கடந்துவிட்டு, நேரே மேல் கியருக்குப் போங்கள். கொஞ்ச நேரம் நன்றாக அமுக்குவது, நெடுநேரம் அரைகுறையாக அமுக்கிக்கொண்டே இருப்பதைவிட மலிவு. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் 4,000 வரை இழுப்பார்கள். சாதாரண ஓட்டத்தில் டீசலை 2,500-க்கு மேல் இழுத்து மைலேஜில் ஒரு லாபமும் இல்லை.

அடுத்தது நியூட்ரல். பழைய அம்பாசடர் காலத்துப் பாடம் அது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் இன்றைய காமன் ரயில் இன்ஜினில் கியரில் இருக்கும்போதே காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இதில் நட்டம் சிறிதுதான். ஆனால் பாலம் இறங்கும் இடத்தில் ஆடு குறுக்கே வந்தால் இன்ஜின் பிடிப்பே இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி நிற்பீர்கள். நம் டெல்டாவில் இறக்கம் என்று இருப்பதே வெண்ணாறு, வெட்டாறு பாலங்கள்தான். அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

உண்மையான மிச்சம் கண்ணில் இருக்கிறது. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பது 200 மீட்டருக்கு முன்பே தெரியும். அப்போதே காலை எடுத்துவிட்டால் பிரேக்கே வேண்டியிருக்காது. ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறீர்கள்.

கேட் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ஏசியோடு நின்றால் மணிக்கு அரை லிட்டரைத் தாண்டும். வேகமாக வந்து நின்றிருந்தால் மட்டும், டர்போ ஆறுவதற்கு அரை நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

அறுவடைக் காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நெல் சுணையும் தூசியும் ஏர் ஃபில்டரை வெகு சீக்கிரம் அடைத்துவிடும். சர்வீஸ் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காமல், சம்பா அறுப்பு முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். அமுக்கும்போது கறுப்புப் புகை வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். ரோட்டில் பரப்பிய வைக்கோல்மேல் ஓட்டினால், இறங்கி அடியில் ஏதும் சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சூடான புகைக்குழாயில் வைக்கோல் பற்றிக்கொள்ளும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றின் கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் உள்ளே ஏறத்தாழ 600 டிகிரி வரை போகும்.

டயர் காற்று, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி சூடாகாதபோது.

இனி கணக்கு. பங்கில் நாஸில் தானாக நிற்கும்வரை டேங்க் நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று முறை. உங்கள் பாதைக்கு 20 வந்தால் நான் திருப்திப்படுவேன். கியர் பழக்கம் மாறியும் 17-லேயே நின்றால், இன்ஜெக்டருக்குப் போவதற்கு முன் மெக்கானிக்கிடம் சொல்லி நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் கையால் சுற்றும்போதே தெரிந்துவிடும்.